பதினாறாம் வாய்ப்பாடு

போன வாரம் பொன்னுராஜ் வீட்டில் நடந்த சண்டையைத் தெருவே கேட்டது. கேட்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

பொன்னுராஜ் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மேஸ்திரி. மனைவி ஞானபாக்கியம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே ஓர் ஒன்றியப் பள்ளியில் டீச்சர். ஒரே மகள் பியூலா அம்மாவின் பள்ளியில், அம்மாவிடமே மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அதுதான் தகராறு. பொன்னுராஜின் அக்கா செல்லக்கனி, தன் மகன் படிக்கும் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் பியூலாவுக்கும் ஓர் இடம் பேசிவைத்துவிட்டாள். தம்பியும் தலையாட்டிவிட்டான். பெற்றவளிடம் சொல்ல மட்டும் இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது.

“மறந்துட்டியளோ?” என்று ஞானபாக்கியம் கேட்டதில் ஆரம்பித்த சண்டை ஒரு பந்தயத்தில் போய் நின்றது. திங்கட்கிழமை பள்ளியைப் பார்வையிடக் கல்வி அதிகாரி ஏ.இ.ஓ. வருகிறார். அவள் பாடம் நடத்தும் முறை சரி என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் பியூலா அங்கேயே படிப்பாள். தப்பு என்று சொன்னால் ஜூன் மாதம் இங்கிலீஷ் மீடியம்.

“ஆபீசர் என்ன சொல்லுதாரோ, அதான். பொறவு நான் வாயத் தொறக்க மாட்டேன்” என்று ஞானபாக்கியமே சொன்னாள். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அவள் கோபத்தில் சொன்னதையும் காப்பாற்றுகிறவள்.

அந்தத் திங்கட்கிழமை வந்துவிட்டது.

காலையில் பொன்னுராஜ் இஸ்திரி போட்ட சட்டையோடு பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றதைக் கண்டு ஞானபாக்கியத்துக்கு ஆச்சரியம்.

“மில்லுக்குப் போகலையா?”

“ஷிப்ட மாத்திக்கிட்டேன். நானும் வாரேன்.”

“எதுக்கு? நான் தோக்குறதப் பாக்கவா?”

“ஏட்டி, நல்ல காரியத்துக்குப் போகும்போது ஏன் இப்படிப் பேசுத?”

அவள் குனிந்து பியூலாவின் ரிப்பனைச் சரிசெய்தாள். பொன்னுராஜுக்கு வருத்தம் இல்லை. உள்ளூரச் சிரித்துக்கொண்டான். இன்னும் அரை மணி நேரத்தில் அவள் முகம் எப்படி மாறப் போகிறது என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

பஸ்ஸில் மூவருக்கும் ஒரே சீட் கிடைத்தது. பியூலா ஜன்னலோரம். மலை கூடவே வந்தது. பொன்னுராஜ் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். நகக்கண்ணில் சுண்ணாம்பு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஞானபாக்கியம் மகளைக் கூட்டிக்கொண்டு தளவாய்புரத்தில் ஒரு பச்சைக் குழந்தையைப் பார்க்கப் போயிருந்தாள். பொன்னுராஜ் ஆணியில் தொங்கிய பள்ளிக்கூடச் சாவியைப் பார்த்தான். சண்டை போட்டதிலிருந்து அவள் சோறு போட்டாள், பேசவில்லை. மன்னிப்புக் கேட்பதற்கு அவனுக்கு வாய் வராது, கைதான் வரும். சுண்ணாம்பும் நீலமும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். புகையடித்துக் கிடந்த அந்த வகுப்பறையை வெள்ளையடித்து வைத்தால் ஆபீசருக்கு முன்னால் அவளுக்கு ஒரு மதிப்பு இருக்கும் அல்லவா?

வெள்ளையடிப்பதற்குச் சுவரில் தொங்கியவற்றை இறக்க வேண்டும். சுவரெங்கும் தொங்கியவை கோன் சரங்கள்.

கோன் என்றால் மில்லில் நூல் சுற்றுகிற காகிதக் கூம்பு. நுனி நசுங்கினால் கழித்துவிடுவார்கள். அப்படிக் கழித்த கோன்களை மானேஜரிடம் கேட்டு, சாக்குச் சாக்காகக் கொண்டு வந்து கொடுத்தவனே பொன்னுராஜ்தான். ஞானபாக்கியம் அவற்றின்மேல் தாள் ஒட்டி எழுதியிருந்தாள். பச்சை நுனி என்றால் எழுத்து. ரோஸ் என்றால் சொற்கள். மஞ்சள் என்றால் குட்டிக் கதை. நீலம் கூட்டல், கழித்தல். சிவப்பு பெருக்கல். ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த ஓர் அறைதான். ஒரு பிள்ளை ஒரு கோனை எடுத்துப் படித்து, டீச்சரிடம் வந்து செய்து காட்டி, சரி என்றால் தன் கயிற்றில் கோத்துக்கொள்ளும். சரியில்லை என்றால் திரும்பப் போய்ப் படிக்கும். அவசரம் இல்லை, அடி இல்லை. ஒவ்வோர் ஆணிக்கு மேலும் குடை, கிளி, பூசணிக்காய் என்று கரியால் ஒரு படம். அந்தப் படம் அந்தப் பிள்ளையின் அடையாளம்.

இதெல்லாம் பொன்னுராஜ் கேள்விப்பட்டதுதான். ஆனால் கேட்டதைக் காதோடு விட்டிருந்தான்.

சரங்களை இறக்கியபோது அவன் கண்ணில் பட்டது வேறு. ஒரே கயிற்றில் பச்சையும் சிவப்பும் மஞ்சளும்! மில்லில் கோன் நுனியின் நிறம்தான் நூலின் கனத்துக்கு, அதாவது கவுண்ட்டுக்கு, அடையாளம். ஒரு சாக்கில் ஒரே ஒரு நிறம் மாறிப் போனாலும் தறியில் துணி கோடு விழும், சரக்கு திரும்பி வரும், மேஸ்திரிக்கு மெமோ வரும். கலந்து கிடக்கிற கோனைக் கண்டால் பொன்னுராஜின் கை சும்மா இருக்காது. அது அவன் புத்தியைக் கேட்டுக்கொண்டு வேலை செய்கிற கை அல்ல. கயிறுகளை அவிழ்த்தான். நிறம் வாரியாகப் பிரித்தான். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, மூலையில் ஐந்து கோபுரங்களாக அடுக்கினான். பிறகு கரிப்படங்களின்மேல் இரண்டு கோட் சுண்ணாம்பு அடித்தான்.

கதவைப் பூட்டும்போது திரும்பிப் பார்த்து, மில்லில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை ஞானபாக்கியம் அந்தக் கதவைத் திறந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பொன்னுராஜ் பின்னால் காத்திருந்தான். அவள் திரும்பவில்லை.

“என் பிள்ளையள் எல்லாம் எங்க?” என்று கேட்டாள்.

“பிள்ளையள் இனிமேதான வரும்?”

“சரத்தக் கேக்குறேன்.”

“நாந்தான் பிரிச்சு அடுக்கினேன். நேத்து வந்து வெள்ளையடிச்சேன். எப்படி இருக்கு?”

இப்போது அவள் திரும்பினாள். கத்தியிருந்தால் அவனுக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

“நல்லா ஜெயிச்சிட்டிய” என்றாள். “இதுக்கு நீங்க ஆபீசருகிட்ட நேராப் போய் எழுதிக் குடுத்திருக்கலாம். இம்புட்டு மெனக்கெட்டிருக்க வேண்டாம்.”

அவனுக்கு விளங்கச் சிறிது நேரம் ஆனது. எந்தப் பிள்ளை எதுவரை வந்திருக்கிறது என்பதற்கு அந்தச் சரத்தைத் தவிர வேறு அடையாளம் இல்லை. ஜூனிலிருந்து மார்ச் வரை அவள் ஒவ்வொரு பிள்ளையோடும் உட்கார்ந்து சேர்த்ததை அவன் ஒரு மத்தியானத்தில் அவிழ்த்துவிட்டான். பந்தயத்தில் எதிர்ப்பக்கம் நிற்கிறவன் அவன். இன்று இப்படி நடந்திருக்கிறது. யார் நம்புவார்கள்? அவனே கேள்விப்பட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டான்.

“பாக்கியம், சத்தியமா நான் அதுக்காகச் செய்யல. கலர் கலந்து கெடந்துச்சு. கவுண்ட் மிக்ஸ் மாதிரி...”

“பிள்ளையள் நூலு இல்லைங்க.”

பிள்ளைகள் வர ஆரம்பித்திருந்தார்கள்.

வெள்ளைச் சுவரைக் கண்டு முதலில் சந்தோஷப்பட்டவர்கள், தங்கள் படங்களைக் காணோம் என்றதும் கலங்கினார்கள். ஒரு சின்னப் பெண், “என் பூசணிக்காய் எங்க டீச்சர்?” என்று அழுதாள். ஞானபாக்கியம் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். ஜெபம் செய்தாளோ, கோபத்தை அடக்கினாளோ, தெரியாது. கண்ணைத் திறந்ததும் அவிழ்ந்து கிடந்த கயிறுகளை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள்.

“அவங்கவங்க முடிச்சத அவங்கவங்க எடுத்துக் கோத்துக்கிடுங்க. முடிக்காதத எடுக்கப்படாது.”

பொன்னுராஜுக்குச் சிரிப்பு வந்தது. இது நடக்கிற காரியமா? மூலையில் குவிந்து கிடக்கிறது, கையில் கயிறு இருக்கிறது. எந்தப் பிள்ளை குறைத்து எடுக்கும்?

கோபுரங்கள் சரிந்தன. தரையெல்லாம் கோன். பிள்ளைகள் குனிந்தும் தவழ்ந்தும், எழுதியிருந்ததை வாய்விட்டு வாசித்தும் தேடினார்கள். எல்லோரும் யோக்கியர்கள் என்று சொல்ல முடியாது. ஒருவன் இரண்டு மஞ்சளைக் கூடுதலாகக் கோத்தான். பக்கத்தில் இருந்தவள், “ஏலே, அதுல நரி என்ன செஞ்சுச்சு, சொல்லு?” என்று கேட்டாள். அவன் கழற்றிப் போட்டுவிட்டான். மூன்றாம் வகுப்புக் கருத்தம்மாள் பச்சையும் ரோஸும் மட்டும் பொறுக்கிக்கொண்டு, மஞ்சள் பக்கம் ஏக்கமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பியூலா சுவரோரம் உட்கார்ந்து கோத்துக்கொண்டிருந்தாள். பொன்னுராஜ் மகளிடம் போனான். பச்சை, ரோஸ், மஞ்சள், நீலம் எல்லாம் இருந்தன. சிவப்பு ஒன்றுகூட இல்லை.

“சிவப்ப விட்டுட்டியே?” ஒரு கை அள்ளி நீட்டினான்.

“அது எனக்கு இன்னும் வரலப்பா.”

“பெருக்கலா? பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் சொல்லுவியே!”

“சொல்லுவேன்.”

சொல்லுவாள். செல்லக்கனி வீட்டுக்குப் போனால் நடுக்கூடத்தில் நின்று சொல்லுவாள். அத்தை கைதட்டி, பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுக் கேட்கச் செய்வாள். இந்த மூளையைக் கொண்டுபோய் ஒன்றியப் பள்ளியில் போட்டிருக்கிறீர்களே என்று அந்தக் கைதட்டலில்தான் பேச்சே ஆரம்பித்தது.

“நாலு பதினாறு எம்புட்டு?”

“அறுபத்து நாலு” என்றாள் பியூலா, பட்டென்று.

“அதான் தெரியுதே! நாலு பிள்ளையளுக்கு ஆளுக்குப் பதினாறு கோன் குடுக்கணும். மொத்தம் எத்தனை கோன் வேணும்?”

பியூலா யோசித்தாள். தரையில் விரலால் ஏதோ போட்டுப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“கூட்டணுமாப்பா?” என்று கேட்டாள்.

பொன்னுராஜ் நீட்டிய சிவப்புக் கோன்களைக் கீழே வைத்தான்.

“வாய்ப்பாடு அத்தைக்குச் சொல்லுறதுப்பா” என்று பியூலா அவனுக்கு விளக்கினாள். “இது எனக்குத் தெரிஞ்சது.” தன் சரத்தைத் தூக்கிக் காட்டினாள்.

அந்த நேரத்தில்தான் வெளியே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

ஏ.இ.ஓ. சௌந்தரபாண்டியன் உள்ளே வந்தார். காலடியில் ஒரு கோன் உருண்டு வந்தது. பிள்ளைகள் தரையில் கிடந்தபடியே, “வணக்கம் ஐயா” என்றார்கள்.

“இது என்ன டீச்சர், வகுப்பா, சந்தையா?”

ஞானபாக்கியம் விளக்கினாள். நிதானமாகத்தான் சொன்னாள். அவர் காது கொடுத்துத்தான் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் மேலே எழுதி அனுப்புகிற அறிக்கையில் வகுப்புக்கு ஒரு கட்டம் இருந்தது, பிள்ளைக்கு ஒரு கட்டம் இல்லை.

“மூணாங்கிளாஸ் எந்திரிங்க” என்றார். எழுந்தவர்களில் கருத்தம்மாளைப் பார்த்து, பாடப் புத்தகத்தைக் கொடுத்தார். “வாசிம்மா.”

“அது எனக்கு இன்னும் வரல சார்” என்றாள் கருத்தம்மாள், பயமில்லாமல். “இத வாசிக்கட்டுமா?”

ரோஸ் கோனைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். பிழையில்லை.

“இது ஒண்ணாங்கிளாஸ் பாடமில்ல?”

“ஆமா சார்” என்றாள் ஞானபாக்கியம். “போன ஜூன்ல இவளுக்கு எழுத்தே தெரியாது. ரெண்டு வருஷம் எல்லாரோடயும் சேந்து சத்தம் போட்டுச் சொல்லியிருக்கா. கூட்டத்துல இவ சத்தமும் கேட்டுச்சு. அதனால தெரியாதது யாருக்கும் தெரியல. எனக்கும்தான்.”

பொன்னுராஜ் மகளைத் திரும்பிப் பார்த்தான்.

“அதெல்லாம் சரிம்மா” என்றார் சௌந்தரபாண்டியன். “எல்லாரும் சேந்து ஒரு பாடம் படிச்சாத்தான் பள்ளிக்கூடம். ஆளாளுக்கு ஒரு பாடம்னா நான் மேல என்னன்னு எழுத? நாளைலேருந்து வகுப்பு வாரியா உக்கார வைங்க. மூணு வகுப்பு, மூணு வரிசை.”

“அப்போ இந்தக் கருத்தம்மாள் எந்த வரிசையில சார்?”

“மூணாம் வகுப்பு வரிசையிலதான். வேற எங்க?”

முடிந்தது. பந்தயத்தில் ஞானபாக்கியம் தோற்றுவிட்டாள்.

கிளம்பும்போது ஏ.இ.ஓ.வின் பார்வை மூலைக்குப் போனது. சிவப்புக் கோபுரம் மட்டும் பாதி சரியாமல் நின்றது.

“இதை யாரு அடுக்கினது?”

பொன்னுராஜின் நகத்துச் சுண்ணாம்பைப் பார்த்து, வெள்ளையடிக்க வந்த ஆள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

“நாந்தான் சார்.”

“இந்த ரூம்லயே ஒழுங்கா இருக்கிறது இது ஒண்ணுதான்யா. பாத்துப் படிங்க டீச்சர்.”

அவமானம் என்றால் என்னவென்று பொன்னுராஜுக்கு அந்தப் பாராட்டில்தான் தெரிந்தது.

வாசலில் கிடந்த ஒரு மஞ்சள் கோனை ஏ.இ.ஓ. குனிந்து எடுத்தார். வாசித்துப் பார்த்தார். “இது எங்கிட்ட இருக்கட்டும்” என்று ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் திரும்பி வரும்போது பஸ்ஸில் பியூலா அப்பாவின் மடியில் தூங்கிவிட்டாள்.

“அந்தக் கோன எதுக்குக் கொண்டுபோனாரு?” என்று பொன்னுராஜ் கேட்டான். ஏதாவது பேச வேண்டும் என்றுதான் கேட்டான்.

“மெமோ எழுத சாட்சி வேணும்லா” என்றாள் ஞானபாக்கியம், ஜன்னலைப் பார்த்தபடி.

வீட்டில் செல்லக்கனி காத்திருந்தாள். கதவைத் திறந்து, விளக்குப் போட்டு, நாற்காலியின்மேல் ஒரு கட்டம்போட்ட துணியை விரித்து வைத்திருந்தாள். சீருடைத் துணி.

“ஆபீசர் என்ன சொன்னாரு?” வந்தவர்களைத் தண்ணீர் குடிக்கவும் விடவில்லை.

“முறை தப்புன்னுட்டாரு மதினி. நான் தோத்துட்டேன்” என்றாள் ஞானபாக்கியம். அடுப்படிக்குள் போய்விட்டாள்.

செல்லக்கனிக்குத் தம்பி மனைவிமேல் பகை ஒன்றும் கிடையாது. தம்பி மகள் முன்னுக்கு வர வேண்டும் என்ற ஆசைதான்.

“போகட்டும், நல்லதுக்குத்தான். நாளைக்குக் காலைல அந்த ஸ்கூல் சிஸ்டர் பிள்ளையக் கூட்டியாரச் சொல்லியிருக்காவ. வாய்ப்பாடுதான் கேப்பாவளாம். நம்ம பியூலாவுக்கு என்ன கவல! கிளி மாதிரி சொல்லுவா. வாட்டி கண்ணு, பதினாறாம் வாய்ப்பாடு ஒரு தடவ சொல்லிக் காட்டு.”

பியூலா தூக்கக் கலக்கத்தோடு நடுக்கூடத்தில் வந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள். வாயைத் திறப்பதற்கு முன்னால் அப்பாவைப் பார்த்தாள்.

“வேண்டாம்க்கா” என்றான் பொன்னுராஜ். “அவளுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு தெரியாது.”

“ஏலே, உனக்கென்ன கோட்டியா? போன மாசம் இதே எடத்துல நின்னு சொல்லல?”

“சொன்னா. தெரியாது.”

“யாரு சொன்னது?”

“அவதான் சொன்னா. இன்னைக்குக் காலைல. இம்புட்டு நாளா நாம யாரும் கேக்கல.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

செல்லக்கனி தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்போ பந்தயம்? ஆபீசரே தப்புன்னு சொல்லிட்டாருல்ல?”

“ஆபீசர் அந்த ரூம்புல ஒண்ணே ஒண்ண மட்டும் ஒழுங்கா இருக்குன்னாரு. அது நான் அடுக்கினது.” பொன்னுராஜ் சிரிக்க முயன்றான், வரவில்லை. “அதோட லட்சணம் எனக்குத் தெரியும்க்கா.”

செல்லக்கனி அதற்குப் பிறகு உட்காரவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, “காலைல ஒம்பது மணிக்கு வாரேன். பிள்ளையக் கிளப்பி வைங்க” என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

ஞானபாக்கியம் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். காலையிலிருந்து முதல் தடவையாகப் புருஷனின் முகத்தைப் பார்த்தாள்.

“கையக் கழுவிட்டுச் சாப்பிட வாங்க” என்றாள். “நகத்துல சுண்ணாம்பு இருக்கு.”

நாற்காலியில் அந்தக் கட்டம்போட்ட துணி அப்படியே கிடந்தது. செல்லக்கனி எதையும் மறந்து வைத்துவிட்டுப் போகிறவள் இல்லை.